ஈயச் சீல் வைத்த பரல்கள்

இறால் தலையில் முள் இருக்கிறதென்பது உரித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சிவபாக்கியத்தின் வலது பெருவிரல் இருபது வருடமாக அந்த முள்ளில் குத்துப்பட்டு, ஐஸ் தண்ணீரில் ஊறி, நகம் எது தோல் எதுவென்று தெரியாமல் போயிருந்தது. அந்த விரலின் உழைப்பில்தான் அவளுடைய மகள் ஞானமணி வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய் இரசாயனம் படித்துப் பட்டம் வாங்கினாள். வாங்கிய பட்டத்தை நெகிழிப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலை தேடி இரண்டு வருடம் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினாள். கடைசியில் தாய் இறால் உரிக்கிற அதே வாடியில், கூடை நிறுத்து எழுதுகிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். நாட்டுக்கு அவளுடைய படிப்பு தேவைப்படவில்லை. இறாலுக்குத் தேவைப்பட்டது.

வாடி சல்லிக் கடற்கரையில் இருந்தது. லாபிர் நானாவின் வாடி. களப்பிலிருந்து வருகிற இறாலை ஏழு பெண்கள் உரிப்பார்கள். சதை ஐஸில் ஏறிக் கொழும்புக்குப் போகும். தலையும் கோதும் இங்கேயே கிடந்து நாறும். நூறு கிலோ இறால் வந்தால் நாற்பது கிலோ கழிவு. முன்பெல்லாம் மணலில் கிடங்கு வெட்டிப் புதைத்தார்கள். பிறகு வாடியிலிருந்து நூறு யார் தூரம் தள்ளி ஆமிக் காம்ப் வந்தது. காம்புக்குப் பக்கத்தில் மணலைத் தோண்டினால், என்ன புதைக்கிறாய் என்று கேள்வி வரும். தோண்டாமல் கரையில் கொட்டினால் காகம் கௌவிக்கொண்டு போய்க் காம்பின் காவல் சென்றியின் தகரக் கூரையில் போடும். ஒருநாள் காவலுக்கு நின்றவனின் தொப்பியிலேயே ஒரு தலை விழுந்தது. அன்றைக்குப் பின்னேரமே, கழிவை வெளியில் கொட்டினால் வாடியைப் பூட்டுவோம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது.

ஞானமணிதான் வழி சொன்னாள். கோதுக்குள்ளே கைற்றின் என்றொரு பொருள் இருக்கிறது. சுண்ணாம்பையும் ஊன்சத்தையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது அதுதான். அதிலிருந்து கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கிற தூள் செய்யலாம். இரத்தம் நிறுத்துகிற காயச் சீலை செய்யலாம். கொழும்பில் ஒரு கொம்பனி, சுத்தமான கோது தந்தால் எடுப்போம் என்று கடிதமும் போட்டது. சுண்ணாம்பைக் கரைக்க அசிட் வேண்டும். அங்கேதான் இடித்தது. 2007ஆம் ஆண்டு திருகோணமலையில் டோர்ச் பற்றரி நாலு வாங்கினாலே கடைக்காரன் ஆளைப் பார்ப்பான். ஞானமணி முறையாக விண்ணப்பம் எழுதி, பட்டத்தின் பிரதியையும் இணைத்துப் போட்டாள். பதில் தபாலில் வரவில்லை, மோட்டார் சைக்கிளில் வந்தது. சிவில் உடுப்பில் இரண்டு பேர். வீட்டு வாசலில் நின்று சிவபாக்கியத்திடம், "உங்கட மகள் வீட்டில என்ன படிக்கிறவ?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். விண்ணப்பம் அன்றோடு செத்தது.

ஞானமணி விடுகிற ஆளில்லை. தம்பலகாமத்திலிருந்து எருமைத் தயிர் கொண்டுவருகிற சாமித்தம்பியைப் பிடித்தாள். சட்டியில் தெளிந்து நிற்கிற தயிர்த் தண்ணீரை அவர் வழியில் ஊற்றிவிட்டு வருவது வழக்கம். ஊற்ற வேண்டாம், கான்களில் கொண்டுவாருங்கள் என்றாள். பீப்பாய்போன்ற நீல பிளாஸ்ரிக் பரலில் கோதைப் போட்டு, தயிர்த் தண்ணீரும் சீனிக் கரைசலும் விட்டு, காற்றுப் புகாமல் மூடி வைத்தால் அந்தப் புளிப்பே சுண்ணாம்பைத் தின்றுவிடும். ஏழாம் நாள் எடுத்துக் கழுவிக் காயப்போட்டால் வெங்காயத் தோல்போல மெல்லிய, வெளிறிய செதிள். மருந்துக்கும் அசிட் இல்லை. முதல் மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு, வாடி மதிலோரம் இருபத்திரண்டு பரல்களை வரிசையாக நிறுத்தினாள். காம்ப் பக்கத்து மதிலின் வெளிப்புறம். நிழல் அங்கேதான் விழும்.

ஒரேயொரு கண்டம். புளிப்பு சுண்ணாம்பைத் தின்னும்போது வாயு கிளம்பும். காலையும் மாலையும் இரும்பு வளையத்தைத் தளர்த்தி மூடியை ஒரு விரலளவு தூக்கிவிட வேண்டும். புஸ்ஸென்று வெளியேறும். சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து உரிக்கிற வேலை செய்கிற இரத்தினேஸ்வரிதான் அதற்குப் பேர் வைத்தாள். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு ஏப்பம் வர முதுகைத் தட்டுவதுபோலப் பரலைத் தட்டி, "ஏவறை விடு ராசா, ஏவறை விடு" என்பாள். "என்ர மூண்டும் இவ்வளவு பால் குடிக்கேல்ல. குடிச்சதுக்கு இவ்வளவு நாறவும் இல்ல."

பெண்கள் சிரிப்பார்கள். அந்த வாடியில் சிரிக்கிறதுக்கு இருந்தது அந்த ஒரு நேரந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாமித்தம்பி வந்து, கண்டி வீதியை மூடப்போகிறார்களாம், இனி ஒரு கிழமைக்கு வர ஏலாது என்றார். கையிலிருந்த கான்களையெல்லாம் இறக்கிவிட்டுப் போனார். வைத்தால் பழுதாகிவிடுமே என்று ஞானமணி ஒரு வேலை செய்தாள். திங்கள் பின்னேரம் புதிதாக நிரப்பிய ஐந்து பரல்களுக்கும் தயிர்த் தண்ணீரையும் சீனியையும் இரட்டிப்பாக விட்டாள். கச்சான் காற்று அடுப்பு வாய்போல அடிக்கிற மாதம். நுரைக்கும், கொஞ்சம் கவனமாகத் திறந்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். திறக்க விடமாட்டார்கள் என்று நினைக்கவில்லை.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு காம்பிலிருந்து புதிதாக வந்த கப்டன், ஒரு கோப்ரலும் நாலு பேருமாக வாடிக்குள் வந்தார். ஒல்லியான மனிதர். மூக்கில் கைக்குட்டை. உரித்துக்கொண்டிருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். கோப்ரல்தான் தமிழில் சொன்னார்.

"வியாழக்கிழமை பெரிய சேர் வாறார். இந்த மணம் இருக்கக்கூடாது. எல்லாம் மூடு."

"மூடித்தான் இருக்கு" என்றாள் ஞானமணி.

"ரெண்டு நேரமும் திறக்கிறீங்கள். நாங்கள் பாக்கிறது."

அவர்கள் கொண்டுவந்த கம்பியை ஒவ்வொரு மூடியின் வளையத்திலும் கோத்து, முறுக்கி, ஈயக்கட்டி வைத்து நசுக்கினார்கள். ஒவ்வொரு ஈயத்திலும் ஒரு இலக்கம். இருபத்திரண்டு இலக்கங்களையும் கோப்ரல் கொப்பியில் எழுதினார். வெள்ளி காலை வரை ஒரு சீல் அறுந்திருந்தாலும் வாடியில் வேலை செய்கிற எல்லோரையும் பிடித்து ஏற்றுவோம் என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, துவக்கோடு ஒருத்தனைக் காவலுக்கும் விட்டுவிட்டுப் போனார். நாற்பது வயதிருக்கும் அந்த ஆள், எங்கே நிழல் என்று பார்த்தான். நேரே போய், கடைசியாக நின்ற ஐந்து புதுப் பரல்களில் ஒன்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மணலில் இருந்தான்.

ஞானமணி மனதுக்குள் கணக்குப் போட்டாள். வாயு கூடுதலாக வருவது முதல் இரண்டு நாளிலும். அதுவும் இரட்டிப்புச் சீனி, இந்த வெக்கை. புதன்கிழமை மத்தியானத்தைத் தாண்டாது.

தேத்தண்ணி நேரம் லாபிர் நானாவைக் குசினிப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

"நானா, அந்த அஞ்சு பரலும் நாளைக்கு மத்தியானம் வெடி—"

லாபிர் நானா அவளுடைய வாயைப் பொத்தவில்லை. தன்னுடைய வாயைப் பொத்திக்கொண்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"புள்ள, அந்தச் சொல்ல இந்த வாடிக்குள்ள வெச்சு எடுக்காத. உன்ட உம்மா மேல ஆணையாச் சொல்றன்."

"எடுக்காட்டி அது வெடிக்காதோ?"

"திரும்பவும் சொல்றா பாரு! போன மாசம் சந்தியில என்ன நடந்த? ஓட்டோவுக்கு டயர் போன சத்தம். அந்தக் கச்சான் விக்கிற மனிசன் எங்க இப்ப?"

அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். டயர் வெடித்தது ஒரு நொடி. சென்றியிலிருந்து சுட்டது கால் மணித்தியாலம். கச்சான் கடலை விற்கிற மனிதரின் கடகம் இரண்டு நாளாகச் சந்தியிலேயே கிடந்தது.

"அதாலதான் சொல்லுறன். போய் உள்ளதைச் சொல்லுவம்."

"என்னெண்டு சொல்லுவா? சேர், நான் ஒரு தமிழ்ப் புள்ள, கெமிஸ்ரி படிச்சனான், உங்கட காம்புக்குப் பக்கத்தில அஞ்சு பரல் வெச்சிருக்கன், நாளைக்கு வெடிக்கும் எண்டா?" அவர் திரும்பவும் மதிலைப் பார்த்தார். "அசிட் கேட்டு எழுதின கடுதாசியும் அவங்கட கையிலதான் இருக்கு. மறந்துபோனியா?"

அவள் மறக்கவில்லை. பதினொரு மணிக்கு லாபிர் நானா, கிண்ணியாவில் ஒரு மௌத்து என்று சொல்லி ஓட்டோவில் ஏறிப் போய்விட்டார். செத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பின்னேரம் இரத்தினேஸ்வரி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிலாவெளியிலிருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போகலாமா என்று யோசித்தாள். பிறகு தானே சொன்னாள்: "போய், இங்க அது நடந்துதெண்டா? முதலே தெரிஞ்சுதான் ஓடினவளவை எண்டெல்லோ சொல்லுவாங்கள்."

இருந்தால் சாவு, ஓடினால் சாட்சி. உள்ளதைச் சொன்னால் வாக்குமூலம். இந்தச் சின்னக் கணக்கு அந்த ஊரில் படிக்காத பெண்ணுக்கும் பிழையில்லாமல் வரும்.

புதன் காலை ஏழு மணிக்கே ஞானமணி வந்து பார்த்தாள். பதினேழு பழைய பரல்கள் சொன்ன சொல் கேட்டு நின்றன. ஐந்தும் அப்படியில்லை. தட்டையாக இருந்த மூடிகள் குமிழ்ந்து, எட்டு மாத வயிறுபோல நின்றன. பரலின் பக்கங்கள் இறுகி மினுமினுத்தன. காதை வைக்காமலே உள்ளே கேட்டது, அரிசி பொரிகிற மாதிரி ஒரு சத்தம். காவலுக்கு மாறி வந்திருந்தவன் அந்தச் சத்தத்தைப் பற்றி ஒன்றும் அறியாமல், அலுப்புக்கு விரல்களால் மூடியில் மேளம் தட்டிக்கொண்டிருந்தான். வீங்கிய மூடி நல்ல சுருதியாக ஒலித்தது. அவனுக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டு கையாலும் தட்டத் தொடங்கினான்.

ஞானமணி உள்ளே போனாள். வெற்றுச் சோடாப் போத்தல் ஒன்றை எடுத்தாள். ஒரு பிடி கோதை நொறுக்கிப் போட்டாள். சமையலுக்கு வைத்திருந்த வினாகிரியைத் தனியாக ஒரு சின்னப் போத்தலில் எடுத்துக்கொண்டாள். கடைக்குப் போய் ஒரு சிவப்புப் பலூன் வாங்கி வந்தாள். தாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே ஒரு இறாலை உரித்து முடித்தாள்.

"எங்க போறாய்?"

"காம்புக்கு."

"உன்னைப் படிப்பிச்சது இதுக்கோ?"

"ஓம் அம்மா. இதுக்குத்தான் போல."

சிவபாக்கியம் அடுத்த இறாலை எடுத்தாள். விரல் வழுக்கியது. முள் ஏறிய இடத்தை வாயில் வைத்துச் சூப்பினாள். 

சென்றியில் கோப்ரல் நின்றார். ஞானமணி முதலில் நல்ல வார்த்தைகளாகத் தெரிந்தெடுத்துப் பேசினாள். பரல் வீங்குகிறது, ஐயா. உள்ளுக்குக் காற்று. திறந்து விட வேண்டும்.

"வீங்கினா வீங்கட்டும் நங்கி. வெள்ளிக்கிழமை திறக்கலாம்" என்று சிரித்தார்.

"அதுவரைக்கும் தாங்காது."

"தாங்காட்டி?"

அவள் போத்தலை மணல் மூட்டையின் மேல் வைத்தாள். வினாகிரியை விட்டு, போத்தல் வாயில் பலூனை இழுத்து மாட்டினாள். கைகளை எடுத்துத் தூரமாக வைத்துக்கொண்டாள், தான் ஊதவில்லை என்று காட்டுகிறவள்போல. பலூன் முதலில் தலையைத் தூக்கியது. பிறகு நிமிர்ந்தது. பிறகு ஒருவரும் ஊதாமலே, மெதுவாக, சிவப்பாகப் பெருத்தது.

கோப்ரலின் சிரிப்பு போய்விட்டது. பலூனைப் பார்த்தார். மதிலோரம் மேளம் தட்டிக்கொண்டிருக்கிறவனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அந்த மூன்றாவது பார்வையில்தான் ஞானமணிக்கு விளங்கியது, இந்த மனிதருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் விளங்கப்படுத்த நினைக்காததும் விளங்கிவிட்டது.

"இது யார் உங்களுக்குப் படிப்பிச்சது?" என்றார். நங்கி, தங்கச்சி என்ற முறை இல்லை இப்போது.

பிறகு எல்லாம் கெதியாக நடந்தது. விசில் சத்தம். காவல்காரன் துவக்கையும் விட்டுவிட்டு ஓடிவந்தான். பெண்களைக் கடற்கரையில் வரிசையாகக் குந்த வைத்தார்கள், கைகள் தலையில். கப்டன் வந்தார். இந்த முறை மூக்கில் கைக்குட்டை இல்லை. நல்ல இங்கிலீசில், நல்ல மரியாதையாகச் சொன்னார்: "மிஸ், நீங்கள்தான் நிரப்பினீர்கள். நீங்களே திறவுங்கள்."

கையில் ஒரு குறடு கொடுத்தார்கள். மணல் மூட்டைகளுக்குப் பின்னால் எத்தனை துவக்குகள் என்று அவள் எண்ணவில்லை. நூறு யார் மணலைத் தனியாகக் கடந்தாள். கச்சான் காற்று முகத்தில் அடித்தது. முதல் பரலுக்கு முன்னால் முழங்காலிட்டுக் கம்பியை அறுத்தாள். வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் தளர்த்தினாள். சட்டென்று திறந்தால் மூடி பறக்கும். மூடி பறந்தால் சத்தம் வரும். சத்தம் வந்தால் அந்தப் பக்கத்தில் ஒரு விரல் போதும். மேல் உதடு வியர்த்து உப்புக் கரித்தது. அவளையறியாமல் வாய் முணுமுணுத்தது.

"ஏவறை விடு ராசா. மெல்ல. மெல்ல விடு."

புஸ்ஸென்று நீளமாக ஒரு மூச்சு. பின்னால் துவக்குகள் கிளிக் கிளிக்கென்றன. நுரை வழிந்து அவளுடைய பாவாடையை நனைத்தது. இரண்டாவது. மூன்றாவது. நாலாவதில் வளையம் இறுகிக் கிடந்து, குறடு வழுக்கி, வளையத்திலேயே டங்கென்று அடித்தது. கடற்கரையில் ஒரு பெண் குழறினாள். ஒருவரும் சுடவில்லை. ஐந்தாவது பரல் மூச்சு விட்டு முடிய, ஊரெல்லாம் புளித்த இறால் நாற்றம்.

ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஏழு பெண்களும் உயிரோடிருந்தார்கள். காவலுக்கு நின்றவனும் உயிரோடிருந்தான். அவன் அவளைப் பார்த்துக் கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போட்டான். இதுதான் வெற்றியென்றால், ஞானமணி வென்றுவிட்டாள்.

பெண்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

கப்டனின் மேசையில் அந்தச் சோடாப் போத்தல் இருந்தது, பலூன் கழற்றப்படாமல். பக்கத்தில் ஒரு காகிதக் கோவை. திறந்த கோவையின் முதல் தாளை அவள் தலைகீழாகவே வாசித்தாள்: அவளுடைய கையெழுத்து, அசிட் கேட்டு எழுதிய விண்ணப்பம், இணைப்பு ஒன்று, பட்டச் சான்றிதழ்ப் பிரதி. கப்டன் கதிரையைக் காட்டினார். தேத்தண்ணி வரவழைத்தார். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, மேசை லாச்சிக்குள் வைத்தார்.

"நீங்கள் எங்கள் ஆளைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். நன்றி. ஒரு சின்ன விசயம் மட்டும். நான் மேலே அறிக்கை அனுப்ப வேண்டும். எனக்கு இரசாயனம் தெரியாது."

வெள்ளைத் தாள் ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். மேலே தட்டச்சில் ஒரேயொரு கேள்வி. பரலின் உடலும் மூடியும் பிளாஸ்ரிக்காக இல்லாமல் தடித்த இரும்பாக இருந்து, திறக்கப்படாமல் விடப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? விளக்குக. கீழே பெயர், பட்டம், கையொப்பம், திகதி.

பள்ளிக்கூடம் தொட்டு இருபது வருடமாக அவள் கேள்விக்கு விடை எழுதித்தான் மேலே வந்தவள். எழுதிய ஒவ்வொரு விடைக்கும் தாயின் விரலில் ஒரு முள். இந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி வாங்குகிற விடை நாலு வரி. அது அவளுக்குத் தெரியும். அது தெரியுமென்பது அந்த மனிதருக்கும் தெரியும். எழுதினால் அவள் கையெழுத்திலேயே ஒரு செய்முறை. தெரியாது என்று எழுதினால், இணைப்பு ஒன்றைக் காட்டி, பொய் சொல்கிறாள் என்று அதற்குக் கீழே வேறொருவர் எழுதுவார்.

"நாங்கள் மூடேல்ல சேர்" என்றாள். "நீங்கள்தான் மூடச் சொன்னனீங்கள்."

கப்டன் புன்னகைத்தார். "அந்தக் கேள்வி தாளில் இல்லை, மிஸ்."

ஞானமணி பேனையை எடுத்தாள்.   எழுதினாள்: இறால் கோது ஒரு பங்கு. தயிர்த் தண்ணீர் இரண்டு பங்கு. சீனி தேவையான அளவு. காலையும் மாலையும் மூடியைத் திறந்துவிட வேண்டும். மூடச் சொல்லக் கூடாது. கடைசி வசனத்தின் கீழே ஒரு கோடிழுத்தாள். முழுப் பெயரையும் பட்டத்தையும் எழுதிக் கையொப்பமிட்டாள்.

அவர் வாசித்தார். மடிக்காமல், சுருக்கம் விழாமல், கோவைக்குள் விண்ணப்பத்துக்குப் பின்னால் வைத்தார்.

"நாளைக்கு வாருங்கள். பெரிய சேர் உங்களைப் பார்க்க விரும்புவார்."

"என்ர ஐசி?" என்று மேசை லாச்சியைக் காட்டினாள்.

"நாளைக்கு."

வெளியே வந்தாள். மணல் மூட்டைகளின் மேல் போத்தலின் ஈரவட்டம் இன்னும் காயவில்லை. வாடி பூட்டியிருந்தது. இதற்கிடையில் மதிலோரமிருந்த இருபத்திரண்டு பரல்களையும் ஆள் வைத்து லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேலிடத்துக்குச் சாட்சியாக என்று கேட்காமலே தெரிந்தது. திறந்திருந்த ஐந்து மூடிகளையும் ஒவ்வொன்றாகத் திரும்பவும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வளையத்தைப் பூட்ட, மற்றவன் ஏறி நின்று காலால் மிதித்தான்.

"திறந்து வையுங்கோ!" என்று கத்தினாள். அவர்களுக்குத் தமிழ் விளங்கவில்லை. லொறி அவளைக் கடந்து, அவள் போக வேண்டிய அதே வீதியில் போனது.

வீட்டுக்குப் போக இன்னும் இரண்டு சென்றி. முதலாவது இருநூறு யார் தூரத்தில். கையில் அடையாள அட்டை இல்லை. பாவாடையெல்லாம் இறால் நுரை. வெயில் உச்சியில் நின்றது. முன்னால் லொறி அந்தச் சென்றியில் போய் நின்றதையும், காவலுக்கு நின்றவர்கள் அதைச் சுற்றி வருவதையும், ஒருவன் துவக்கின் பிடியால் பரல் மூடியொன்றைத் தட்டிப் பார்ப்பதையும் அவள் கண்டாள்.

நல்ல சுருதியாக ஒலித்தது. நடையை நிறுத்தினால் ஏன் நின்றாய் என்று கேட்பார்கள். ஞானமணி நடந்தாள்.